மனித மரபியல் துறையின் சாதனைப் பட்டியலை எப்படிப் படிப்பது?

குடியாத்தத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார்: "மகள் பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டாள். எம்.எஸ்சி. மனித மரபியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அந்தத் துறையின் ஆண்டறிக்கையைப் பார்த்தோம். இத்தனை கட்டுரைகள், இத்தனை முகாம்கள், இத்தனை விருதுகள் என்று நாலு பக்கம் போகிறது. அங்கே அன்றாடம் என்னதான் செய்கிறார்கள், இதில் எதைச் சாதனை என்று எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நானும் என் மனைவியும் சொந்தம். அத்தை மகளைத்தான் கட்டியிருக்கிறேன். ‘நம்மள மாதிரி ஆளுங்களப் பத்திதாம்பா படிக்கப் போறேன்’ என்கிறாள் மகள். அது நிஜமா?"

நிஜம்தான். வேலூரிலிருந்து உலக மரபியல் இதழ்களுக்குப் போன பழைய ஆய்வுகளில் முக்கியமான ஒன்று, உங்களைப் போலச் சொந்தத்தில் கட்டியவர்களை வைத்துச் செய்ததுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் ஒரு பல்கலைக்கழகத்தின் மனித மரபியல் துறையில், குரோமோசோம் ஆய்வகத்தில், 22 ஆண்டுகள் வேலை பார்த்தேன். இப்போது ஓய்வு பெற்று வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். நீங்கள் பார்த்தது போன்ற அறிக்கைகளை நானும் வருடா வருடம் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறேன். அவற்றில் பொய் இருக்காது. ஆனால் எந்த வரிக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்பது வெளியே தெரியாது. ‘கேரியோடைப்பிங் செய்யப்பட்ட மாதிரிகள்’ என்று ஓர் எண் இருக்கும். ‘கருத்தரங்கு நடத்தப்பட்டது’ என்று இன்னொரு வரி இருக்கும். இரண்டும் ஒரே அளவு எழுத்தில்தான் அச்சாகும்.

முதலில் அந்தக் கேரியோடைப்பிங் என்ன என்று சொல்கிறேன். உயிரணுவுக்குள் மரபணுக்களைச் சுமந்திருக்கும் குரோமோசோம்களை எண்ணி, அவற்றின் வடிவத்தையும் பார்ப்பது. துறையின் அடுப்படி அதுதான். நோயாளியிடம் 2, 3 மில்லி ரத்தம், பச்சை மூடி போட்ட குழாயில் எடுக்கிறார்கள். அதில் ஹெப்பாரின் இருக்கும், ரத்தம் உறையாது. சிவப்பணுவுக்குள் குரோமோசோமே கிடையாது. வெள்ளை அணுக்களில் ஒரு வகையான லிம்போசைட்டுகளைத்தான் பிடிக்க வேண்டும். அவை ரத்தத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், தானாகப் பிரிந்து பெருகாது. ராஜ்மா என்கிறோமே, அந்தப் பயறு வகையிலிருந்து எடுக்கும் பைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற புரதத்தைச் சேர்த்தால் தூண்டப்பட்டுப் பிரியத் தொடங்கும். 37 டிகிரி சூட்டில் 72 மணி நேரம் வளர்ப்போம். முடியும் தறுவாயில் கோல்ச்சிசின் சேர்ப்போம். நம் செங்காந்தள் கிழங்கில் இருக்கும் நஞ்சு அதுதான். பிரிந்துகொண்டிருக்கும் அணுவை அது பாதி வழியில் நிறுத்திவிடும். குரோமோசோம்கள் நன்றாகத் தடித்துத் தனித்தனியாகத் தெரிவது அந்த நிலையில்தான்.

அப்புறம் நீர்த்த உப்புக் கரைசலில் அணுவை ஊதவைத்து, மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்று கலந்த திரவத்தில் நிலைப்படுத்தி, கண்ணாடி ஸ்லைடில் சொட்டு விட வேண்டும். இந்தச் சொட்டு விடுவதுதான் கைப்பழக்கம். காற்றில் ஈரம் போதவில்லையென்றால் குரோமோசோம்கள் விரியாமல் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். நம் ஊர்க் கத்திரி வெயிலில் அறை வறண்டு கிடக்கும்போது, பக்கத்தில் வெந்நீர்ப் பாத்திரம் வைத்துக்கொண்டுதான் ஸ்லைடு போடுவோம். பிறகு டிரிப்சின், ஜீம்சா சாயம். குரோமோசோம்கள் வரி வரியாகத் தெரியும். வழக்கமாக 20 அணுக்களை எண்ணிப் பார்த்துத்தான் அறிக்கை எழுதுவோம்.

இதில் ஒரு சின்னக் கணக்கு உண்டு. திங்கட்கிழமை போட்ட வளர்ப்பு வியாழக்கிழமை அறுவடைக்கு வரும். வியாழக்கிழமை வந்த ரத்தம் ஞாயிற்றுக்கிழமை அறுவடைக்கு நிற்கும். ஞாயிறு காலை ஆய்வகத்தைத் திறக்க ஆள் வருகிற துறையா, ‘வியாழக்கிழமை சாம்பிள் எடுக்காதீங்க’ என்று சொல்கிற துறையா என்று விசாரித்தால் போதும், பல விஷயம் தெரிந்துவிடும். ஒருமுறை ஏதோ ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் தவறான குழாயில் எடுத்து அனுப்பி, ரத்தம் உறைந்தே வந்து சேர்ந்தது. குழந்தையோடு அந்தத் தாய் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி, இரண்டு பேருந்து மாறி, மறுபடி வர வேண்டியிருந்தது. அந்தக் குழந்தையின் கையில் இரண்டாம் முறை ஊசி போட்டதைப் பார்த்த நாளிலிருந்து, எங்களுக்குச் சாம்பிள் அனுப்புகிற ஒவ்வோர் இடத்துக்கும் எந்த மூடி, எவ்வளவு ரத்தம் என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுக்கத் தொடங்கினோம். எந்த ஆண்டறிக்கையிலும் அது வரவில்லை.

சரி, இவ்வளவு பாடுபட்டு எண்ணிப் பார்த்து என்ன பயன்? மனிதனுக்கு 46 குரோமோசோம் என்பதே 1956-இல்தான் உறுதியானது. அதற்கு முன் பாடப்புத்தகங்களில் 48 என்றே இருந்தது. மூன்று ஆண்டு கழித்து, 1959-இல், டவுன் சின்ட்ரோம் குழந்தைகளுக்கு 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதை லெஜூன் குழுவினர் பிரான்சிலிருந்து அறிவித்தார்கள். டவுன் குழந்தையை முகத்தைப் பார்த்தே அனுபவமுள்ள மருத்துவர் சொல்லிவிடுவார். அப்படியிருக்க ஏன் செலவழித்துக் குரோமோசோம் பார்க்க வேண்டும் என்று பல பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

நூறு டவுன் குழந்தைகளில் ஏறக்குறைய 95 பேருக்குக் கூடுதல் 21 தனியாக நிற்கும். அது பெரும்பாலும் தற்செயல். அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு குறைவு. மூன்று நான்கு பேருக்கு மட்டும் அந்தக் கூடுதல் 21 இன்னொரு குரோமோசோமின் தலையில், உதாரணமாக 14-இன் மேல், ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படி இருந்தால் அப்பா அம்மா இருவர் ரத்தத்தையும் பார்த்தாக வேண்டும். அம்மாவிடம் அந்த ஒட்டல் இருந்தால், அவருக்கு உடம்பில் ஒரு குறையும் தெரியாது, ஆனால் ஒவ்வொரு பிரசவத்திலும் டவுன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்று அளவுக்கு இருக்கும். அப்பாவிடம் இருந்தால் அதைவிட மிகக் குறைவு. அந்த அம்மாவின் தங்கைக்கும் இருக்கலாம், அவர் அடுத்த மாதம் கல்யாணம் ஆகிப் போகிறவராகக்கூட இருக்கலாம். ஒரு ஸ்லைடு ஒரு குடும்பத்தில் நாலு வீட்டுக்கு வழி சொல்கிறது. இப்படி ஒன்றைக் கண்டுபிடித்து, அந்தத் தங்கையையும் கூப்பிட்டுப் பேசியிருந்தால், நான் அதைத்தான் சாதனை என்று முதலில் எழுதுவேன்.

இப்போது சொந்தத்தில் கட்டுவது. 1970-களில் வேலூர் சி.எம்.சி.யைச் சேர்ந்த சுந்தர் ராவ், இன்பராஜ் இருவரும் நம் பகுதியில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களின் விவரத்தைத் திரட்டினார்கள். 1977 முதல் அவர்கள் கட்டுரைகள் வெளிவந்தன. கிராமங்களில் ஏறக்குறைய பாதித் திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை. உறவில் கட்டியவர்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறப்பும் எதிர்பார்த்த அளவுக்குக் கூடவில்லை என்பதுதான் அவர்கள் கண்டது. பல தலைமுறைகளாக இந்த வழக்கம் இருப்பதால், மோசமான மரபணுக்கள் மெல்ல மெல்லக் கழிந்துபோயிருக்கலாம் என்று விளக்கம் சொன்னார்கள். உலகம் முழுக்க இன்றும் எடுத்துப் பேசப்படும் ஆய்வு அது.

இதைக் கேட்டவுடன், ‘பார்த்தீங்களா, சொந்தத்துல கட்டினா ஒண்ணும் ஆகாது’ என்று முடிவு கட்டிவிடக்கூடாது. சராசரியில் வித்தியாசம் சின்னதாகத் தெரிவது ஒன்று. ஒரு குறிப்பிட்ட அரிய நோய் ஒரு குறிப்பிட்ட வீட்டில் வருவது வேறொன்று. அந்தக் காலத்தில் வயிற்றுப்போக்கிலும் அம்மையிலும் குழந்தைகள் இறந்துகொண்டிருந்தபோது, மரபு நோயால் போனவர்களைத் தனியே பிரித்துப் பார்ப்பதும் கடினம். மாமன் மகள், அத்தை மகள் கட்டியவர்களின் குழந்தைக்கு, எந்த மரபணுவை எடுத்தாலும் அதன் இரண்டு பிரதியும் ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து வந்திருக்க 16-இல் 1 வாய்ப்பு. அக்கா மகளைக் கட்டியிருந்தால் 8-இல் 1. எல்லாக் குழந்தைகளையும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குப் பெரிய பிறவிக் குறை இருக்கும். உங்களைப் போன்ற உறவில் அது இன்னும் இரண்டு மூன்று கூடும். அப்படிப் பார்த்தாலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் நலமாகவே பிறக்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தவர்தான் நல்ல ஆலோசகர்.

அந்தக் கூடுதல் இரண்டு மூன்று பேர் யார் என்பதற்கு ஓர் உதாரணம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளின் குதிகால் ரத்தத்தைப் பரிசோதித்து, 2018-இல் முடிவை வெளியிட்டது. அட்ரினல் சுரப்பியில் ஹார்மோன் சரியாகச் சுரக்காத ஒரு பிறவி நோய், சி.ஏ.எச். என்பார்கள், அது மொத்தத்தில் 5,762 குழந்தைகளில் ஒருவருக்கு இருந்தது. சென்னையில் மட்டும் 2,036-இல் ஒருவருக்கு. அப்பா அம்மா இருவரும் பழுதான பிரதி ஒவ்வொன்றை வைத்திருந்தால்தான் வருகிற நோய் அது. உறவுத் திருமணம் அதிகமுள்ள மாநிலத்தில் கூடுதலாக இருப்பது ஆச்சரியமில்லை. பெண் குழந்தையாக இருந்தால் பிறப்புறுப்பைப் பார்த்துச் சந்தேகம் வரும். ஆண் குழந்தை பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கும். இரண்டாவது வாரத்தில் வாந்தி எடுத்து, உடம்பில் உப்பு இறங்கி, துவண்டு போகும். ‘வயித்துப்போக்கு, சீர் தட்டிடுச்சு’ என்று சொல்லி எத்தனை ஆண் குழந்தைகளைப் புதைத்திருப்பார்கள் என்று நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது. ஏனென்றால் இதற்கு மருந்து விலை உயர்ந்த ஊசி ஒன்றுமில்லை; ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை, கூட உப்புச் சத்தைக் காக்கும் இன்னொரு மாத்திரை. பிறந்த மூன்றாம் நாள் குதிகாலில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்திருந்தால் பிழைத்திருக்கும். ஒரு மரபியல் துறை, தன் பக்கத்து அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்த ஒரு சொட்டுச் சோதனையைச் செய்கிறது என்று அறிக்கையில் இருந்தால், அந்த வரியை அடிக்கோடிடுங்கள்.

ஒரு சமூகத்துக்குள்ளேயே காலங்காலமாகக் கட்டிக்கொள்வதற்கும் இதே கணக்குதான், நேர் உறவு இல்லாவிட்டாலும். ஆரிய வைசியரிடையே பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி குறைவாக இருக்கும் மரபணு மாற்றத்தை, கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் இருந்த ஒரு குழு 2006-இல் அடையாளம் காட்டியது. அன்றாட வாழ்க்கையில் இதனால் ஒரு தொல்லையும் இல்லை. அறுவை சிகிச்சை மேசையில் சக்சினைல்கோலின் என்ற தசை தளர்த்தும் மருந்தைக் கொடுக்கும்போதுதான் ஆபத்து. சில நிமிடங்களில் தெளிய வேண்டியவர் மணிக்கணக்கில் மூச்சு விட முடியாமல் கிடப்பார். முன்கூட்டியே தெரிந்தால் மயக்க மருத்துவர் வேறு மருந்துக்குப் போய்விடுவார், அவ்வளவுதான். அதேபோல, இதயத் தசையைப் பலவீனமாக்கும் ஒரு மரபணுக் குறைபாடு தெற்காசியர்களில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருக்கிறது என்பதை 2009-இல் வெளியிட்ட பன்னாட்டு ஆய்வின் வேர் மதுரைப் பக்கத்தில் இருந்தது. நம் ரத்தத்தை நாமே ஆராயாவிட்டால் இவையெல்லாம் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

நம் பகுதிக்கென்றே ஒரு வேலையும் உண்டு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களின் கன்னத்தின் உட்புறத்தைக் குச்சியால் மெல்ல வழித்து, அந்த அணுக்களில் முழு உட்கருவுக்குப் பக்கத்தில் குட்டி உட்கரு உடைந்து கிடக்கிறதா என்று எண்ணுவார்கள். மைக்ரோநியூக்ளியஸ் சோதனை என்று பெயர். ரசாயனம் மரபணுவைத் தாக்குகிறதா என்று சொல்லும் எளிய, செலவில்லாத வழி. குரோமியத்தின் ஆறாம் இணைதிற வடிவம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. ராணிப்பேட்டையில் குரோமேட் கழிவு மலைபோல் குவிந்து கிடந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். எம்.எஸ்சி. மாணவர்களின் ஆய்வுத் திட்டத்துக்கு மிகவும் ஏற்ற வேலை இது. ஆனால் இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. தொழிலாளியிடம் சாம்பிள் வாங்கிப் பட்டமும் வாங்கிவிட்டு, முடிவை அவரிடம் போய்ச் சொல்லாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உங்கள் மகள் அப்படிச் செய்யக்கூடாது.

சிகிச்சைப் பக்கமும் இப்போது திறந்திருக்கிறது. சி.எம்.சி. பல்கலைக்கழகத் துறை இல்லை, மருத்துவக் கல்லூரி. இருந்தாலும் சொல்லாமல் விட முடியாது. ஹீமோஃபிலியா ‘ஏ’ நோயாளிகளுக்கு ரத்தம் உறைய உதவும் எட்டாம் காரணி உடம்பில் போதிய அளவு உருவாகாது. அவர்களுடைய ரத்த மூல அணுக்களை எடுத்து, லென்டிவைரஸ் என்ற வைரஸை வாகனமாக்கிச் சரியான மரபணுவை ஏற்றி, திரும்ப உடம்புக்குள் செலுத்தினார்கள். ஐந்து பேருக்குச் செய்த இந்தச் சிகிச்சையின் முடிவு 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. சிகிச்சைக்குப் பிறகு கவனித்த காலத்தில் ஐந்து பேரில் யாருக்கும் ரத்தக்கசிவு இல்லை. மூட்டுக்குள் ரத்தம் கட்டி நடக்க முடியாமல் பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த வரியின் கனம் புரியும். இதற்குப் பின்னால், எந்தக் குடும்பத்தில் எந்த இடத்தில் மரபணு பழுது என்று பல ஆண்டுகள் உட்கார்ந்து பார்த்தவர்களின் வேலை இருக்கிறது.

இவ்வளவையும் தாண்டி, துறையின் மிகக் கடினமான இடம் ஆலோசனை அறைதான். அங்கே இயந்திரம் எதுவும் இருக்காது, ஒரு மேசையும் மூன்று நாற்காலியும். அப்பா அம்மா இருவரிடமும் பழுதான பிரதி ஒவ்வொன்று இருக்கும்போது, ‘பிள்ளைகளில் நாலில் ஒன்றுக்கு வரும்’ என்று சொன்னால், ‘அப்போ மூத்தவனுக்கு வந்துடுச்சு, அடுத்த மூணுக்கு வராதில்ல?’ என்று கேட்பார்கள். படித்தவர்களும் கேட்பார்கள். நான் நாலு புளியங்கொட்டையை எடுத்து, ஒன்றை மட்டும் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி, பையில் போட்டு எடுக்கச் சொல்வேன். எடுத்ததைத் திரும்ப உள்ளே போட்டுக் குலுக்கி, மறுபடி எடுக்கச் சொல்வேன். ஐந்தாறு முறை எடுத்த பிறகு அவர்களே தலையாட்டுவார்கள்.

அதைவிடக் கடினம் பழியைக் கையாள்வது. ‘எங்க பக்கத்துல யாருக்கும் இப்படி இல்ல, இவ வந்த ராசி’ என்று மாமியார் சொல்லும்போது அந்தப் பெண் தலை நிமிர மாட்டார். இத்தனைக்கும் மாமியார் அந்தப் பெண்ணுக்குச் சொந்த அத்தையாகவே இருப்பார்! கணவன், மனைவி இருவர் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் மரபணுவில் ஒரே எழுத்து மாறியிருப்பதைக் காட்டி, மாமியாரிடம் ‘இது உங்க அப்பா வழியா உங்க மகனுக்கும் மருமகளுக்கும் வந்தது, யார் மேலயும் தப்பு இல்ல’ என்று சொன்னபோது அத்தை அழுது நான் பார்த்திருக்கிறேன். ஊருக்கு ஊர் கேள்வியையும் மாற்றிக் கேட்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி முஸ்லிம் குடும்பங்களில் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் கட்டிக்கொள்ளலாம், அக்கா மகளைக் கட்டுவது மார்க்கத்தில் கூடாது. அணைக்கட்டு ஊர்ப் பக்கத்தில் கேட்டால் அக்கா மகள் உரிமைப் பெண், சித்தப்பா மகள் தங்கை. இது தெரியாமல் ‘சொந்தமா?’ என்று மட்டும் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. கருவிலிருக்கும் குழந்தையின் குரோமோசோம் பார்க்கும்போது ஆணா பெண்ணா என்பது எங்களுக்குத் தெரிந்துவிடும்; சொல்லக்கூடாது. 1994 சட்டம் அப்படி, அதில் எந்த விலக்கும் தேடக்கூடாது.

வேலை வாய்ப்பையும் சொல்லிவிடுகிறேன். குரோமோசோம் ஆய்வகம், மூலக்கூறு ஆய்வகம், செயற்கைக் கருத்தரிப்பு மையம், மேற்கொண்டு பயிற்சி எடுத்தால் மரபியல் ஆலோசகர், அல்லது நெட் தேர்வு எழுதி ஆராய்ச்சி. தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது. மருத்துவர் ஆகிவிட முடியாது, மருந்து எழுத முடியாது. இதைத் தெரிந்துகொண்டே சேரட்டும்.

சேருவதற்கு முன் மகளோடு ஒருநாள் அந்தத் துறைக்குப் போய்ப் பாருங்கள். கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கேட்க வேண்டாம். துறைக்கென்று நோயாளிகள் வருகிறார்களா, ரத்தம் கொடுத்து எத்தனை வாரத்தில் அறிக்கை கைக்குப் போகிறது, மாணவர்கள் ஆலோசனை அறையில் உட்கார அனுமதி உண்டா என்று கேளுங்கள். மார்ச் 21 உலக டவுன் சின்ட்ரோம் நாள். 21-ஆம் குரோமோசோம் மூன்று என்பதால் வைத்த தேதி. அன்றைக்கு முகாம் நடத்தியதாக எல்லா அறிக்கையிலும் இருக்கும். அதற்கு வந்த பெற்றோர் ஏப்ரலில் திரும்ப வந்தார்களா என்று கேளுங்கள். பதில் சொல்கிறவரின் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

முதல் பருவத்தில் அநேகமாகச் சொந்தக் குடும்பத்தின் வம்ச வரைபடத்தை வரைந்துவரச் சொல்வார்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், மூன்று தலைமுறை. பிறந்து இறந்த குழந்தைகள், கலைந்த கர்ப்பங்கள் எல்லாம் அதில் வர வேண்டும். இந்த விவரம் வீட்டில் பாட்டிக்கு மட்டும்தான் தெரியும். உங்கள் அம்மாவோ மாமியாரோ இருந்தால், மகளை இந்த விடுமுறையிலேயே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதச் சொல்லுங்கள். கணவன், மனைவிக்கு நடுவே சாதாரணமாக ஒரு கோடு போடுவார்கள். சொந்தத்தில் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு. உங்கள் சதுரத்துக்கும் உங்கள் மனைவியின் வட்டத்துக்கும் நடுவில் அந்த இரட்டைக் கோட்டை உங்கள் மகள் போடுவாள்.